நைட் இருக்கு... லைஃப் எங்க பாஸ்?

'சென்னையில நைட் லைஃபே இல்ல மச்சி!' ஹாஸ்டல் மொட்டை மாடியில் இந்த டயலாக்கைக் கேட்காத இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் தமிழ்நாட்டில் இருக்கவே முடியாது. சொன்னவன் பர்ஸில் மிஞ்சிப்போனா 120 ரூபாய் இருக்கும். அது வேற விஷயம்!

இதைக் கேட்டு நம்ம அரசாங்கமே மனசு இறங்கிடுச்சு மக்களே. பத்து பேருக்கு மேல வேலை பார்க்கிற கடைகள், நிறுவனங்கள் எல்லாம் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம்னு 2019 ஜூன்ல ஆர்டர் போட்டாங்க. முதல்ல மூணு வருஷத்துக்கு. அப்புறம் 2022-ல நீட்டிச்சாங்க, 2025-ல மறுபடியும் நீட்டிச்சாங்க. ஆக, சட்டப்படி நாம இப்போ தூங்காத மாநிலம். ஆனா மெட்ரோ ரயில் மட்டும் ராத்திரி 11 மணி வாக்கில் தூங்கப் போயி, காலையில 5 மணி வாக்கில்தான் கண்ணு முழிக்கும். நடுவுல இருக்கிற ஆறு மணி நேரம் கடை திறந்திருக்கும், கடையில வேலை பார்க்கிறவர் வீட்டுக்குப் போற வழி திறந்திருக்காது.

இந்த ஆறு மணி நேரத்தைப் பத்தித்தான் இந்த வாரம் மொக்கை போடப் போறேன். ஏன்னா, அடியேன் இப்போ ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் இன்டர்ன். பேர் வேணாம், சர்டிஃபிகேட் இன்னும் கைக்கு வரலை!

எங்க கிளையன்ட் நியூயார்க்கில் இருக்கார். அங்க காலை 9 மணின்னா இங்க சாயங்காலம் 6.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காக்காரங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வைப்பாங்க. அன்னையிலேர்ந்து அதே காலை 9 மணி நமக்கு ராத்திரி 7.30. மார்ச் ரெண்டாவது ஞாயிறு மறுபடி முன்னால தள்ளுவாங்க. அவங்க என்னவோ வெயிலை மிச்சம் பிடிக்கத்தான் முள்ளைத் திருகறாங்க. ஆனா துரைப்பாக்கத்துல கேப் வர்ற டைம் மாறுது, கேன்டீன்ல தோசைக்கல் சூடாகிற டைம் மாறுது, ரோட்டோர சைக்கிள் டீ அண்ணன் வர்ற டைமும் மாறுது. அந்த அண்ணன் அமெரிக்கா போனதில்ல, பாஸ்போர்ட்டும் கிடையாது. ஆனா 'தம்பி, அடுத்த வாரத்துலேர்ந்து ஒரு மணி நேரம் லேட்டு, அமெரிக்காவுல டைம் மாறுது'ன்னு எங்க டீம் லீடருக்கு முன்னாடி அவர்தான் சொன்னார். உலகமயமாக்கல்னு அஞ்சு மார்க் கேள்வி வந்தா இதைத்தான் எழுதப் போறேன்.

ஒருநாள் கால் முடிஞ்சு வெளியே வர்றப்போ மணி 12. கேட்ல செக்யூரிட்டி அண்ணன் உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்க மாட்டாம, 'என்னண்ணே, நைட் லைஃப் எப்படிப் போகுது?'ன்னு கேட்டேன். கொட்டாவியை முடிச்சுட்டுச் சொன்னார்: 'நைட்தான் தம்பி இருக்கு. லைஃப் எங்க இருக்கு?'

பன்னிரண்டு மணி நேர டூட்டி. மகனோட ஸ்கூல் யூனிஃபார்ம் என்ன கலர்னுகூட ஞாயித்துக்கிழமை கொடியில காயறப்பதான் பார்ப்பாராம். அவர் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரலை.

நான் மதுரைக்காரன். 'தூங்கா நகரம்'னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டே வளர்ந்தவன். ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க ஊர்ல இட்லி கிடைக்கும், பரோட்டா கிடைக்கும், மாட்டுத்தாவணியில மல்லிகைப்பூ வந்து இறங்கும். ஆனா அந்த இட்லிக்கடை எல்லாம் யாருக்காக முழிச்சிருந்துச்சு? மில்லுல ஷிஃப்ட் முடிஞ்சு வந்தவங்களுக்காக. சுத்துப்பட்டு கிராமத்துலேர்ந்து காய்கறி மூட்டையோட வந்து இறங்கினவங்களுக்காக. எங்க ஊர் ஜாலிக்காக முழிக்கலை பாஸ், வேலைக்காக முழிச்சது.

அதுவும் இன்னிக்கு நேத்தில்ல. பத்துப்பாட்டுல மதுரைக்காஞ்சின்னு ஒண்ணு பிளஸ் டூவோட மறந்திருப்பீங்க. மாங்குடி மருதனார் எழுதினது, மொத்தம் 782 அடி. அதுல மதுரையோட ராத்திரியை யாமம் யாமமா, இப்போதைய லைவ் கவரேஜ் மாதிரி சொல்லியிருப்பார். ராத்திரிச் சந்தைக்கு அல்லங்காடின்னு பேர். கடைகளைச் சாத்தற நேரத்துல, அடையும் மோதகமும் விக்கிறவங்க உட்கார்ந்த இடத்துலயே தூங்கி வழியறாங்க. நடுராத்திரியில நூலேணியோட திருடங்க கிளம்பறாங்க, அவங்களைப் பிடிக்க காவலர்கள் மழையிலயும் முழிச்சிருக்காங்க. கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின நைட் லைஃப் ரிப்போர்ட் இது. தூங்கி வழியற வியாபாரி, தூங்க முடியாத காவலர்... எங்க கேட்ல இருக்கிற அண்ணனும் சைக்கிள் டீ அண்ணனும் அப்படியே அதுல இருக்காங்க. லேப்டாப்தான் மிஸ்ஸிங்!

சரி, மேட்டருக்கு வருவோம். போன மாசம் எனக்கு 'பிசினஸ் ட்ரிப்' அடிச்சது. பெங்களூரு, ஒரு நாள், கிளையன்ட்டோட இந்திய ஆபீஸ்ல டெமோ. பிசினஸ் ட்ரிப்னா சினிமாவுல எப்படி வரும்? கோட்டு, கூலிங்கிளாஸ், இழுத்துக்கிட்டுப் போற பெட்டி. எனக்கு வந்தது ஸ்லீப்பர் கிளாஸ் அப்பர் பெர்த், தலைக்கு லேப்டாப் பேக், காலுக்கு யாரோ வெச்ச பலாப்பழம். ஜோலார்பேட்டையில ஒரு டீ. விடியறதுக்கு முன்னாடியே பெங்களூருல இறக்கி விட்டுட்டாங்க. ரூம் போட்டுத் தரலை. வெயிட்டிங் ஹால்ல பல் விளக்கி, சட்டை மாத்தி, மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரெண்டு இட்லி சாப்பிட்டதோட என் கார்ப்பரேட் லைஃப் ஆரம்பம்.

இதுல காமெடி இல்லாத ஒரு விஷயம் இருக்கு. அந்த டெமோவுல முக்கால்வாசி கோட் எழுதினது நான் இல்ல. என்கூட இன்டர்னா இருக்கிற என் கிளாஸ்மேட். அவதான் போகணும்னு மேனேஜர்கிட்ட நானே சொன்னேன். 'பொண்ணுப்பா... நைட் ட்ரெயின் வேற. நமக்கு எதுக்கு ரிஸ்க்?'னு முடிச்சுட்டார். அவர் கெட்டவர் இல்ல. நிஜமாவே அக்கறையாத்தான் சொன்னார். ஆனா, அந்த அக்கறை பகல் ட்ரெயின் இருக்கான்னு பார்க்கிற அளவுக்குப் போகலை.

'பகல்லயே போலாமே'ன்னு அவளே சொன்னா. வந்தே பாரத்ல போனா பத்து மணி வாக்கில் அங்க இருக்கலாம். ஆனா அது காலை 6 மணிக்கு முன்னாடியே சென்ட்ரல்லேர்ந்து கிளம்பிடும். அவ ஹாஸ்டல் கேட் திறக்கறதே 6 மணிக்கு! ராத்திரி எட்டு மணிக்குப் பூட்டுவாங்க. அதனால நியூயார்க் காலை அவ அட்டெண்ட் பண்றது ஹாஸ்டல் மாடிப்படியில உட்கார்ந்து. வைஃபை அங்கதான் எடுக்கும். என் ஹாஸ்டல்லயும் ராத்திரி பூட்டு உண்டு. ஆனா வாட்ச்மேன் அண்ணன்கிட்ட 'கால் இருந்துச்சுண்ணே'ன்னு சொன்னா போதும், சாவி தானா வரும். அதே கால்ல பேசினவளுக்கு அந்தச் சாவி கிடையாது.

டெமோ அன்னைக்கு பத்தாவது நிமிஷத்துல கிளையன்ட் ஒரு கேள்வி கேட்டார். உடனே அவளுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சேன். அடுத்த இருபது நிமிஷம் அவதான் பேசினா. நான் ஸ்லைடு தள்ளினேன். அந்த ரூம்ல இருந்த ஒரு மேடம், 'இவங்களை ஏன் கூட்டிட்டு வரலை?'ன்னு கேட்டாங்க. நல்ல கேள்வி. எனக்குத் தெரிஞ்ச பதில் 'கேட் பூட்டியிருந்துச்சு மேடம்'. வெளிய சொல்லலை, கம்பெனி மானம்!

ஊருக்குத் திரும்பினதும் இந்தச் சட்டம் எல்லாம் என்னதான் சொல்லுதுன்னு தேடிப் படிச்சேன். ஃபேக்டரியில பெண்கள் ராத்திரி வேலை பார்க்கக் கூடாதுங்கிற பழைய தடையை மெட்ராஸ் ஹைகோர்ட் 2000-லயே ரத்து பண்ணியிருக்கு. தகுந்த பாதுகாப்போட பார்க்கலாம்னு தீர்ப்பு. நானும் அவளும் பிறக்கிறதுக்கு முன்னாடி! அந்த 24 மணி நேரக் கடை ஆர்டர்லயும் ஒரு பகுதி உண்டு. பெண்கள் ராத்திரி 8 மணிக்கு மேல வேலை பார்க்கணும்னா அவங்களோட எழுத்துபூர்வமான சம்மதம் வேணும், பாதுகாப்பு வேணும். ஷிஃப்ட் பார்க்கிறவங்களுக்கு வண்டி ஏற்பாடு பண்ணணும், வண்டி இருக்குன்னு வாசல்லயே நோட்டீஸ் மாட்டணும். ஆணோ பெண்ணோ, ஓவர்டைம் சேர்த்தாலும் ஒருநாளைக்குப் பத்தரை மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது.

24 மணி நேரம்கிற வரி எல்லாருக்கும் மனப்பாடம். இந்த வண்டி, நோட்டீஸ், பத்தரை மணி நேரம் வரிகள் சிலபஸ்ல இல்லாத சேப்டர் மாதிரி ஆயிடுச்சு. செக்யூரிட்டி அண்ணன்கிட்ட பத்தரை மணி நேரக் கணக்கைச் சொன்னேன். 'அது ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கா இருக்கும் தம்பி. நான் வெளியிலதான உட்கார்ந்திருக்கேன்'னார்.

மாற்றமே இல்லைன்னும் சொல்லிட முடியாது. கடையில நாள் முழுக்க நின்னவங்களுக்கு உட்கார இருக்கை குடுக்கணும்னு 2021-ல தமிழ்நாட்டுல சட்டத் திருத்தம் வந்துச்சு. 2025-ல டெலிவரி பண்றவங்களுக்காக அண்ணா நகர்ல மாநகராட்சி ஒரு ஏ.சி. ஓய்வறை திறந்துச்சு. உட்கார ஒரு ஸ்டூல், இளைப்பாற ஒரு ரூம், வீடு போக ஒரு பஸ். கேட்டா சின்ன விஷயம்தான். இதெல்லாம் இருந்தாத்தான் ராத்திரின்னு ஒண்ணு எல்லாருக்கும் கிடைக்கும். இல்லாட்டி வண்டி வெச்சிருக்கிற பையனுக்கு மட்டும்தான் நைட் லைஃப். மத்தவங்களுக்கு நைட் டூட்டி, இல்லாட்டி பூட்டின கேட்.

கேம்பஸ் இன்டர்வியூ சீசன் வரப்போகுது மக்களே. கடைசியா டையைத் தளர்த்திக்கிட்டே 'எனி கொஸ்டின்ஸ்?'னு கேட்பாங்க. நாம வழக்கமா 'நோ சார்'னு பல்லைக் காட்டிட்டு எழுந்திருப்போம். இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'ஷிஃப்ட் முடிஞ்சா வீட்டுக்கு எப்படி சார் போறது?' பசங்க கண்டிப்பா கேளுங்க. பொண்ணுங்க கேட்டா 'பிரச்னை பண்ற பார்ட்டி'ன்னு குறிச்சு வெச்சுப்பாங்க. பசங்க கேட்டா 'பிராக்டிகலான பையன்'னு மார்க் போடுவாங்க. அந்த ஓரவஞ்சனையையாவது உருப்படியா யூஸ் பண்ணுவோமே!

அடுத்த வாரம் பார்க்கலாம். இப்போ மணி 12.20, கேப் இன்னும் வரலை!