மப்ளர் கட்டிய மார்கழி

தமிழ்நாட்டில் குளிர்காலம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று சாதிக்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்களை மார்கழி மாதத்தில் திண்டுக்கல்லில் பார்க்கும்போதுதான் வருகிறது. கிடையாத குளிருக்காகத் தலையில் மப்ளர் கட்டியிருப்பார்கள். ஜன்னல்களைச் சாத்தியிருப்பார்கள். "பனி இறங்குகிறது, உள்ளே வாடா!" என்று ஆறரை மணிக்கே குழந்தைகளை அதட்டுவார்கள். சித்திரை பிறந்து வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பிக்கட்டும், அப்போது குடும்பத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள்!

இந்தத் தலைகீழ் வழக்கம் துரைமார்கள் நமக்கு விட்டுப்போன ஆஸ்தி. 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டார்கள். மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் 1863-ல் அங்கே ஏரியை உண்டாக்கினார். குளிர் தேசத்தில் பிறந்தவர்கள், நம் வெயிலில் வெந்துபோனார்கள், மலைக்கு ஓடினார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர்கள் போன பிறகும் நாம் அதே மே மாதத்தில் அதே மலைக்கு ஓடுகிறோமே, அதுதான் வேடிக்கை. ஓட்டம் எந்த அளவுக்கு முற்றிவிட்டது என்றால், 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போகிற வண்டிகள் இ-பாஸ் வாங்க வேண்டும் என்று சென்னை ஹைகோர்ட்டே உத்தரவு போட வேண்டியதாயிற்று. மலைப்பாதையில் முன்னால் நிற்கும் காரின் பின்புறத்தை மணிக்கணக்காகத் தரிசித்துவிட்டு வருவதற்கு உல்லாசப் பயணம் என்று பெயர்.

அந்தத் துரைமார்கள் தங்கள் சொந்த ஊர்க் குளிரில் என்ன செய்தார்கள்? டிசம்பர் கடைசியில் லண்டனில் காலை எட்டு மணிக்குத்தான் பொழுது விடியும். மாலை நாலு மணிக்குள் சூரியன் அஸ்தமித்துவிடும். இப்படிப்பட்ட ஊரில், 1814-ல் தேம்ஸ் நதி உறைந்தபோது, ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடவில்லை. நதியின் மேலேயே கடை போட்டுச் சந்தை நடத்தினார்கள். நமக்கோ பாதரசம் 20 டிகிரிக்குச் சற்று முன்னே பின்னே வந்தாலே ஊர் அடங்கிவிடுகிறது.

"ஜலதோஷம் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது, ஸார்?" என்று கேட்பீர்கள். ஜலதோஷத்தைக் கொண்டுவருவது பனியல்ல, வைரஸ். மூடிய அறையில் நாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போதுதான் அது சுலபமாகப் பரவுகிறது. ஆஸ்துமாக்காரர்களையும் தள்ளாத கிழவர்களையும் நான் வற்புறுத்தவில்லை. ஆனால் முப்பத்தைந்து வயதில் ஸ்வெட்டருக்குள் சுருண்டுகொண்டு, "இந்தக் குளிரில் எங்கே போவது?" என்கிற ஆசாமியை என்னால் மன்னிக்க முடியாது.

எங்கே போவதா? ஊருக்கே பெயர் கொடுத்த கல் கண்ணெதிரே நிற்கிறதே! திண்டு மாதிரிக் கிடக்கும் அந்த மொட்டைப் பாறையின் மேல் 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை கட்ட ஆரம்பித்தார். பின்னால் ஹைதர் அலி அதைப் பலப்படுத்தினான். 1790-ல் இங்கிலீஷ்காரர்கள் பிடித்தார்கள். இவ்வளவு பேர் சண்டை போட்டுக்கொண்ட பாறையில் திண்டுக்கல் குடும்பஸ்தர்களில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று உங்கள் தெருவில் விசாரித்துப் பாருங்கள். மே மாதத்தில் ஏறினால் பாறை உள்ளங்காலைப் பொரித்து எடுத்துவிடும். மார்கழிக் காலையில் ஏறுங்கள். வெட்டிய படிகள் சில்லென்றிருக்கும். உச்சியில் விக்கிரகம் இல்லாத கோயில். மேற்கே பழனி மலைத்தொடர், தெற்கே சிறுமலை, இரண்டுக்கும் நடுவில் பஞ்சுபோல் மூடுபனி. ஐப்பசி கார்த்திகை மழை ஒழுங்காகப் பெய்த வருஷமாக இருந்தால் குளங்களும் பளபளக்கும். வெளியூர்க்காரன் திண்டுக்கல் என்றால் பூட்டையும் பிரியாணியையும் நினைத்துக்கொள்ளட்டும். உள்ளூர்க்காரனுக்குமா வேறு ஒன்றும் தெரியக்கூடாது?

சிறுமலைக்குப் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள்தான். புவிசார் குறியீடு பெற்ற மலைவாழைப்பழத்தை அது விளைகிற இடத்திலேயே வாங்கித் தின்னலாம். தாடிக்கொம்புக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். குடகனாற்றங்கரையில் சௌந்தரராஜப் பெருமாள் கோயில். அதன் சிற்பத் தூண்களைப் பார்க்கவே ஒரு காலைப் பொழுது வேண்டும்.

இந்தப் பருவத்தை அனுபவிக்கிறவர்கள் இல்லாமல் இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களைப் பாருங்கள். செட்டிநாட்டிலிருந்து காவடி எடுத்து, நத்தம் வழியாக, இந்த ஊரைத் தாண்டி, அந்தப் பனியிலேயே வெறுங்காலோடு போகிறார்கள். அதில் பாட்டிகள் உண்டு, இடுப்பில் குழந்தையோடு போகும் தாய்மார்கள் உண்டு. நிலக்கோட்டைப் பக்கத்தில் பூப்பறிக்கிற பெண்கள் விடிவதற்கு முன்பே தோட்டத்தில் நிற்கிறார்கள். குளிரில் மல்லிகைக்குத்தான் மொட்டு விடத் தயக்கம். அதனால் விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. அவர்களுக்கு ஏது தயக்கம்? மத்தியதர வர்க்கத்து மனிதன் மட்டும் பூ விலையைக் கேட்டு அங்கலாய்த்துவிட்டு மறுபடியும் போர்வைக்குள் புகுந்துகொள்கிறான்.

இவர்கள் போர்த்திக்கொண்டு தூங்கினால் எனக்கென்ன நஷ்டம்? குழந்தைகளையும் கூடவே போர்த்திவிடுகிறார்களே! அரையாண்டுப் பரீட்சை முடிந்து டிசம்பர் கடைசி வாரத்தில் ஏழெட்டு நாள் விடுமுறை கிடைக்கிறது. வருஷம் முழுவதிலும் குழந்தைகள் இந்தச் சமவெளியில் இஷ்டப்படி நடக்கக்கூடிய நாட்கள் அவைதான். அவற்றையும் ட்யூஷன் வாத்தியாரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். வாத்தியார் வராத நேரத்துக்கு டெலிவிஷன். அதுவும் அலுத்தால் செல்போன். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும், 'நான் கண்டு களித்த இடம்' என்று கட்டுரை எழுதச் சொல்லுவார்கள். பையன் நோட்ஸைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நிற்கிற பாறைக்கு முதுகைக் காட்டியபடி, கொடைக்கானல் ஏரியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுப்பான். அதற்குப் பத்துக்கு எட்டு மார்க்கும் கிடைக்கும்.