நொதிக்குச் செம்பனை வேண்டாம், இலை போதும்

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறை, 19-ஆம் நூற்றாண்டில் கரும்புக்குப் பெயர்பெற்ற மண். தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் நிபோங் திபால், பத்து காவான் வட்டாரத் தோட்டங்களில் கரும்பு வெட்டினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. பிறகு ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. இன்று அந்தச் செம்பனையின் கழிவில் சர்க்கரை இருக்கிறது என்று ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். அதைப் பிரித்து எத்தனாலாக்க நொதிகள் வேண்டும். அந்த நொதிகளைச் செடியிலேயே விளைவிக்கலாமா, விளைவித்தால் எந்தச் செடியில் என்ற கேள்விக்கு மலேசியா இப்போதே விடை தேடுவது நல்லது.

ஆலைக்குள் போகும் பழக்குலையின் எடையில் எண்ணெயாகக் கிடைப்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பழம் உதிர்ந்த வெறுங்குலையும் அதே அளவுக்கு, சற்றுக் கூடுதலாகவே, மிஞ்சுகிறது. உலர்ந்த வெறுங்குலையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் செல்லுலோஸ். அதாவது சங்கிலியாகக் கோத்த சர்க்கரை. ஈஸ்ட்டால் அந்தச் சங்கிலியை உடைக்க முடியாது. செல்லுலேஸ் நொதிகள்தான் உடைக்கும்.

இந்த நொதிகளின் தாயகம் ஒரு பூஞ்சை. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் கித்தான் கூடாரங்களை அரித்துத் தின்ற டிரைக்கோடெர்மா ரீசி அது. அதைத்தான் இன்றும் எஃகுத் தொட்டிகளில் வளர்த்து நொதி எடுக்கிறார்கள். தொட்டிக்கு மின்சாரம், காற்று, சர்க்கரைத் தீனி, கிருமி அண்டாத சூழல் எல்லாம் வேண்டும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கத் தேவைப்படும் நொதியைவிடச் செல்லுலோஸுக்குப் பல மடங்கு நொதி தேவை. செலவு அங்கேதான் ஏறுகிறது.

வெயிலும் மண்ணும் இந்த வேலையைச் செய்யட்டுமே என்பது தாவர மரபணுப் பொறியியலின் யோசனை. செய்தும் காட்டிவிட்டார்கள். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதியைத் தன் மணியிலேயே சுமக்கும் சிஞ்சென்டா நிறுவனத்தின் ‘எனோஜென்’ மக்காச்சோளத்துக்கு அமெரிக்கா 2011-இல் அனுமதி வழங்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஹென்றி டேனியல், ஃப்ளோரிடாவில் தன் குழுவினருடன் புகையிலையின் பசுங்கணிகத்தில் பல நொதிகளை உருவாக்கி, அவற்றின் கலவையால் தாவரக் கழிவைச் சர்க்கரையாக்கிய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. அக்ரிவிடா நிறுவனம் 2012-இல் இன்னொரு படி போனது. வயலில் உறங்கிக் கிடந்து, ஆலையில் சூடேற்றும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் நொதியை அது மக்காச்சோளத்தில் பொருத்தியது.

ஆக, முடியுமா என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. கட்டுப்படியாகுமா என்பது தீரவில்லை. கன்சாஸில் 2014-இல் திறந்த அபெங்கோவா செல்லுலோஸ் எத்தனால் ஆலை அடுத்த ஆண்டே நின்றது. அயோவாவில் டூபாண்ட் 2015-இல் திறந்த ஆலையை 2017-இல் கைவிட்டது. அக்ரிவிடாவும் எரிபொருளை விட்டுக் கால்நடைத் தீவன நொதிக்கு மாறியது. எரிபொருள் என்பது சந்தையிலேயே மலிவாக விற்றாக வேண்டிய சரக்கு. அதை மட்டும் நம்பி நொதித் தொழில் நிற்காது.

மலேசியாவுக்குத் திறமைப் பஞ்சம் இல்லை. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் ஆரோக்கியராஜ் குழுவினர் மனித இரத்தப் புரதமான அல்புமினை ரப்பர் மரத்திலேயே உருவாக்கி 2002-இல் அறிவித்தார்கள். செம்பனையின் மரபணுத் தொகுதியைப் படித்து 2013-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட மலேசியச் செம்பனை வாரியக் குழுவை வழிநடத்தியவர்களில் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி முக்கியமானவர். அதே ஆண்டு ரப்பர் மரத்தின் மரபணு வரைவை வெளியிட்டதோ பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். இவ்வளவு இருக்கும்போது செம்பனைக்கே நொதி மரபணுவைச் செலுத்திவிடலாமே என்ற ஆசை எழுவது இயல்பு.

அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவிய வேலையை, 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கூன்வண்டு எடுத்துக்கொண்டது. அந்த வண்டுக்குத் தோட்ட வேலி தெரியாது. மாற்றிய மரபணு எந்தத் தோட்டத்துக்கும் போகும். செம்பனை உணவு எண்ணெய் தரும் மரம். 25 ஆண்டுகள் நிற்கும் மரம். தவறு நேர்ந்தால் அடுத்த பருவத்தில் திருத்த முடியாது. எனோஜென் மணிகள் சாப்பாட்டுச் சோளத்தில் கலந்தால் மாவின் தரம் கெடும் என்று அமெரிக்க மாவாலைகள் எதிர்த்ததை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பியச் சந்தையில் ஏற்கெனவே சங்கடப்படும் பாமாயிலுக்குப் புதிய சந்தேகத்தைத் தேடிக்கொடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

மாற்று, புகையிலை இலை. யாரும் உண்ணாத பயிர். சில மாதங்களில் அறுவடை. பூப்பதற்கு முன்பே இலையை வெட்டிவிடலாம். பசுங்கணிக மரபணு பெரும்பாலும் தாய்வழியே கடத்தப்படுவதால் மகரந்தம் வழியாகப் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு செல்லில் ஆயிரக்கணக்கான பிரதிகள் இருக்கும் என்பதால் நொதியும் மிகுதியாகக் கிடைக்கும். ஆசியான் வரிக்குறைப்புக்குப் பின் சந்தை இழந்த கிளந்தான் புகையிலை விவசாயிகளின் அனுபவம் இதற்குக் கைகொடுக்கும். மூடிய பசுமைக் கூடங்களில் தொடங்கினால், 2009 முதல் நடப்பிலுள்ள உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கண்காணிப்பதும் எளிது.

பூஞ்சை நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் புரதம் சுரக்கும் பூஞ்சை வகைகள் அவர்களிடம் உள்ளன. வெறுங்குலை முழுவதும் வீண் என்பதும் தவறு. தோட்டத்தில் பரப்பினால் அது மண்ணுக்குப் பொட்டாசியம் தருகிறது. அதனால் முதலில் கைவைக்க வேண்டியது மறுநடவுக்காக வெட்டிச் சாய்க்கும் முதிர்ந்த மரங்களில். அவற்றைப் பிழிந்தால் கிடைக்கும் சாற்றில் சர்க்கரை நேரடியாகவே இருக்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்களும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 2010-இல் காட்டினார்கள். வெட்டிய மரத்தைச் சில வாரம் வைத்திருந்தால் அந்தச் சர்க்கரை கூடுகிறது. இந்தச் சாற்றுக்குச் செல்லுலேஸ் தேவையே இல்லை. எத்தனால் ஆலை முதலில் சாற்றில் ஓடட்டும். நாருக்கான நொதி பின்னால் வந்து சேரட்டும்.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. செம்பனையில் நொதி மரபணு வேண்டாம் என்று கொள்கையாகவே அறிவிக்க வேண்டும். எத்தனால் ஆலைக்கு மானியம் கொட்டுவதற்குப் பதிலாக இலைவழி நொதி ஆய்வுக்கு நீண்டகால நிதி தந்து, அந்த நொதியை முதலில் தீவனம், துணி, காகிதத் தொழில்களுக்கு விற்க வழி செய்ய வேண்டும். பினாங்கின் தொழிற்பயிற்சிக் கூடங்களில் பசுமைக் கூட, நொதி ஆய்வகப் பயிற்சிகளைத் தொடங்கி, தோட்டப்புறக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதில் இடம் ஒதுக்க வேண்டும். கரும்பிலும் ரப்பரிலும் செம்பனையிலும் உழைப்பை மட்டும் கொடுத்த சமூகம், இந்த நான்காவது பயிரில் அறிவையும் கொடுத்து அதற்குரிய ஊதியத்தைப் பெற வேண்டும்.