உறுதியா, அனுமதிப்பத்திரமா?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு பழைய வீட்டை வாங்கித் திருத்தி வாடகைக்கு விடலாம் என்னும் எண்ணம் நம் வாசகர் பலர்க்கு உண்டு. ஓய்வூதியக் கொடுப்பனவோ, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணமோ அதற்கு முதலாகிறது. அன்னோர் சுவரைப் பார்க்குமுன் காணிப் பத்திரத்தைப் பார்த்தல் வேண்டும் என்போம்.

வன்னியிலே குடியேற்றக் காணிகள் மிகுதி. இரணைமடுக் குளத்தை நம்பி எழுந்த ஊர்கள் பலவும் அத்தகையனவே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அரசு வழங்கிய காணிகள் இவை. அனுமதிப்பத்திரம் மட்டும் உள்ளவர் அதனைத் தம் விருப்பப்படி விற்க இயலாது. அச்சட்டத்தின்கீழ் அளிப்புப் பெற்றவரும் அரசின் எழுத்து மூல இசைவின்றி விற்பாராயின் அவ்விற்பனை செல்லாது. நொத்தாரிசு முடித்த உறுதி கையிலிருந்தும் பயனில்லை. வாங்கியவர் இட்ட சீமெந்தும் ஓடும் பிறர்க்காகிவிடும். ஆதலின் முற்பணம் கொடுக்குமுன் பிரதேச செயலகத்தில் விசாரித்தறிக. தனியார் உறுதிக் காணியாயின் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்க. தேசவழமைப்படி கூட்டுரிமையாளர்க்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு; கனடாவிலுள்ள தமையனாரையும் அவர்களுள் எண்ணிக்கொள்க.

இனித் திருத்தம். முதற்செலவு கூரைக்கே. போர்க்காலத்திற் கைவிடப்பட்ட வீடுகளிலே பல மாரிகள் சுவருக்குள் இறங்கியிருக்கும். புதுப் பூச்சும் வெள்ளையும் அதனை அழகாக மறைத்துவிடும்! வளைமரங்களைக் கத்திமுனையாற் குத்திக் கறையான் உண்டோ எனப் பார்க்க. கிணற்றைத் தை மாதத்திற் பார்த்து மகிழவேண்டா. அது மாரி தந்த நீர். ஆவணியில் எத்தனை முழம் நிற்கிறதெனக் கண்டபின் விலை பேசுக.