சிறுநீரகம் மாற்றியவருக்கு இருமலா? அலட்சியம் வேண்டாம்!

'ரெண்டு நாள் இருமல்தானே, கஷாயம் குடிச்சா சரியாகிடும்!' - நம் வீடுகளில் சகஜமாகக் கேட்கும் பேச்சு. ஆனால், சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சே கூடாது.

புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க அவர்கள் தினமும் சாப்பிடும் டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு போன்ற மாத்திரைகள் நோய் எதிர்ப்பு சக்தியையும் சேர்த்தே குறைக்கின்றன. அதனால் நிமோனியா வந்தாலும் காய்ச்சல் பெரிதாகத் தெரியாமல் போகலாம். குறிப்பாக, முதல் 6 மாதங்களில் நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சைத் தொற்றுக்கு வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் காசநோய் பயமும் உண்டு. தாமதித்தால் ஐ.சி.யூ., வென்டிலேட்டர் வரை போய்விடலாம்.

என்ன செய்ய வேண்டும்?

* நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறதா? பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 94-க்குக் கீழே காட்டுகிறதா? உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

* மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். உதாரணமாக, கிளாரித்ரோமைசின் மாத்திரை ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை எகிறவைக்கும். அது சிறுநீரகத்தையே பதம் பார்த்துவிடும்.

* பயந்துபோய் வழக்கமான மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைப்பதா, நிறுத்துவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

* எந்த மருத்துவரிடம் போனாலும், 'எனக்கு கிட்னி மாத்தியிருக்கு' என்பதையே முதலில் சொல்லுங்கள். சிகிச்சையின் திசையே அதில்தான் மாறும்!