நெஷோபாவில் சொல்லாமல் விட்டது

1980 ஆகஸ்ட் 3. மிசிசிப்பி மாநிலத்தின் நெஷோபா கவுண்டித் திருவிழாவில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ரொனால்ட் ரீகன் பேசினார். நகைச்சுவையாகப் பேசினார், பணவீக்கத்தைச் சாடினார். நடுவே, மாநில உரிமைகளில் தமக்கு நம்பிக்கை உண்டு என்றார். 'மாநில உரிமை' தமிழர் காதுக்கு இனிக்கும் சொல். மிசிசிப்பியில் அதன் பொருளே வேறு. கறுப்பினத்தவருக்கு வாக்குரிமையை மறுக்கும் வெள்ளையர் ஆட்சியை வாஷிங்டன் தட்டிக்கேட்கக் கூடாது என்பதுதான் அங்கே அதற்குப் பொருள்.

அந்த மைதானத்திலிருந்து சில மைல் தள்ளி ஃபிலடெல்ஃபியா என்றொரு சிற்றூர். ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய மூவரும் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் இயக்கத்தில் இருந்த இளைஞர்கள். 1964 ஜூன் 21 இரவு, அவ்வூர் அருகே, வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் கும்பல் துணை ஷெரீஃப் ஒருவரின் உடந்தையோடு அவர்களைக் கொன்று, மண் அணைக்குள் புதைத்தது. 44 நாள் கழித்தே உடல்கள் கிடைத்தன. அந்த மூவரில் ஒருவர் பெயரைக்கூட ரீகன் உச்சரிக்கவில்லை.

குறைந்த வரி, சிறிய அரசாங்கம், கம்யூனிச எதிர்ப்பு என்று பேசும் பழமைவாதத்தின் மீது நமக்கு வழக்கில்லை. கொள்கையை ஏற்கலாம், மறுக்கலாம். அது ஆட்சியைப் பிடிக்கக் கொடுத்த விலைதான் நம் வழக்கு.

அந்த விலை படிந்தது 1964-இல். அரிசோனா செனட்டர் பேரி கோல்ட்வாட்டரை இனவெறியர் என்று சொல்ல முடியாது. தம் மாநில விமானக் காவல் படையில் நிறப் பாகுபாட்டை ஒழித்தவர் அவர். அப்படிப்பட்டவர் அந்த ஜூனில், பொது இடங்களில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். தனியார் கடையும் விடுதியும் யாரை உள்ளே விடவேண்டும் என்று ஆணையிட அரசியல் சட்டம் மத்திய அரசுக்கு இடம் தரவில்லை என்பது அவர் வாதம். அவர் கட்சி செனட்டர்கள் 33 பேரில் 27 பேர் அதைப் பொருட்படுத்தாமல் சட்டத்தை ஆதரித்தார்கள். அடிமை முறையை ஒழித்த லிங்கனின் கட்சி அல்லவா!

நவம்பரில் அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்ற கோல்ட்வாட்டர் மண்ணைக் கவ்வினார். ஜனநாயகக் கட்சியின் அதிபர் லிண்டன் ஜான்சனுக்கு 486 தேர்வாளர் வாக்குகள், இவருக்கு 52. ஆனால் அவர் வென்ற ஆறு மாநிலங்களில் சொந்த அரிசோனா போக, மற்ற ஐந்தும் தென்கோடி மாநிலங்கள். கறுப்பினத்தவரில் பெரும்பாலோரை வாக்குச்சாவடிப் பக்கமே விடாத மிசிசிப்பியில் 87 விழுக்காடு! 1960-இல் 'ஒரு பழமைவாதியின் மனசாட்சி' என்று புத்தகம் வெளியிட்டவருக்கு, அந்த வாக்குகள் எதற்காக விழுந்தன என்று தெரியாமலா இருந்திருக்கும்?

குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த 27 செனட்டர்களில் 21 பேர் ஜனநாயகக் கட்சியினர் ஆயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். உள்நாட்டுப் போருக்குப் பின் ஏறத்தாழ நூறாண்டு அக்கட்சி தெற்கில் அந்தப் பாவத்தில்தான் குளிர்காய்ந்தது. ஜான்சன் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டுப் பாவத்தை இறக்கிவைத்ததும் குடியரசுக் கட்சியினர் ஏன் அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்கள்?

1968-இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ரிச்சர்ட் நிக்சன் 'சட்டம் ஒழுங்கு' என்றார். பிறகு ரீகன் 'மாநில உரிமை' என்றார். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்குப் பேச்சு. வடக்கே கேட்பவருக்கு அது நிர்வாகக் கொள்கை, தெற்கே கேட்பவருக்குப் பழைய வாக்குறுதி. ரீகன் மனத்தில் வெறுப்பில்லை என்பார்கள். 1983-இல் மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை விடுமுறையாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. இருக்கட்டும். அப்படியானால் குற்றம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. வெறியனுக்கு வெறி கண்ணை மறைத்தது என்றாவது சொல்லலாம். கண் திறந்திருந்தவருக்கு என்ன சமாதானம்?

2005 ஜூலையில் குடியரசுக் கட்சியின் தேசியத் தலைவர் கென் மெல்மன், கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் மாநாட்டில், இனப் பிளவில் ஆதாயம் தேடியது தவறு என்று ஒப்புக்கொண்டார். எட்டாண்டு கழித்து அலபாமாவின் ஷெல்பி கவுண்டி தொடுத்த வழக்கில், கறுப்பினத்தவரின் வாக்குரிமையைக் காத்த 1965 வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பை உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் முறித்தது. அந்த ஐவரும் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். அதில் இருவரை நியமித்தவர் ரீகன்.