வானொலிக்கு வாணி எதற்கு?



மண்ணை ஆள்வோர் மண்ணோடு நிறைவுறுவதில்லை. வானையும் ஆள விழைவர். அவ்வானின் வழியே நம் செவியையும் ஆள விழைவர். நம் நாட்டு ஒலிபரப்பின் தொடக்க வரலாற்றைக் கற்பார்க்கு இவ்வுண்மை தெற்றென விளங்கும்.

ஒலிபரப்பைத் தில்லியா நமக்கு ஈந்தது? இல்லை. 1924-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள், சி. வி. கிருட்டிணசாமியார் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. சூலை 31-இல் அஃது ஒலிபரப்பத் தொடங்கியது. முதற்கருவியின் ஆற்றல் 40 வாட்டு. பின்னரே அது 200 வாட்டாயிற்று. ஆர்வலர் தம் பொருளால் நடத்திய அக்கழகம், பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் ஓய்ந்தது. அதன் கருவியைச் சென்னை மாநகராட்சி ஏற்று, 1930 ஏப்பிரல் முதல் நாளிலிருந்து தானே ஒலிபரப்பியது.

மும்பையிலும் கொல்கத்தாவிலும் 1927-இல் தொடங்கிய தனியார் ஒலிபரப்புக் குழுமமும் 1930-இல் நொடித்தது. அதனைத் தாங்க வெள்ளையரசு வரவேண்டியிருந்தது. அங்கே பேரரசு தாங்கிய சுமையை இங்கே ஒரு நகரமன்றம் தாங்கியது! மாலைதோறும் இசை, பள்ளிச் சிறார்க்குத் தனி நிகழ்ச்சி, கருவி வாங்க வகையற்ற ஏழையும் கேட்குமாறு பூங்காவிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி. ஊரார் பணம் ஊரார் செவிக்கே பயன்பட்டது.

பின்னர் நிகழ்ந்ததென்ன? 1936-இல் 'ஆல் இந்தியா ரேடியோ' என்னும் பெயர் பிறந்தது. 1938 சூன் 16-இல் அதன் சென்னை நிலையம் எழுந்தது. மாநகராட்சியின் ஒலிபரப்பு அடங்கியது. கருவி பெரிதாயிற்று, உரிமையோ தொலைவிற் சென்றது. அந்த 1938 எத்தகைய ஆண்டு? பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ஆண்டு. தமிழர் மறியல் செய்து சிறை புகுந்த ஆண்டு! 1939 மே 16-இல் திருச்சி நிலையம் திறக்கப்பெற்றது. தமிழகத்து மேடையில் தமிழ்ப்பாட்டுக்கு இடங்கேட்டு 1941-இல் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூட நேர்ந்தது. தன் நாட்டில் தன் இசைக்கு இடங்கேட்ட இனம் வேறெங்கேனும் உண்டா?

இனிப் பெயருக்கு வருவோம். 1935-இல் மைசூரில் பேராசிரியர் கோபாலசாமி தாம் தொடங்கிய சிறு நிலையத்திற்கு 'ஆகாசவாணி' எனப் பெயரிட்டார். தம் நிலையத்திற்குத் தாம் விரும்பிய பெயர். அதில் நமக்கு வழக்கில்லை. அப்பெயரை 1950-களில் தில்லி எடுத்து எல்லார் தலையிலும் ஏற்றியதே வழக்கு. 2023 மே திங்களில், 'ஆல் இந்தியா ரேடியோ' என்பதை அறவே விலக்கி 'ஆகாசவாணி' என்றே வழங்குக என ஆணை பிறந்தது. தமிழகத் தலைவர்கள் எதிர்த்தனர். "ஆங்கிலம் போனதற்கா அழுகின்றீர்?" என எள்ளுவார் உளர். ஆங்கிலம் போனதற்கு நாம் அழவில்லை. ஆங்கிலம் இறங்கிய அரியணையில் வடமொழியை அமர்த்தியதையே கேட்கின்றோம். அடிமைக்கு ஆண்டை மாறினால் விடுதலையாகுமா?

"பெயரில் என்ன இருக்கிறது?" என்பர் வேறு சிலர். ஒன்றுமில்லையெனில் அதனை மாற்ற ஆணை எதற்கு? வான், ஒலி என்னும் இரு தமிழ்ச் சொற்கள் கூடிப் பிறந்தது வானொலி. உழவனுக்கும் விளங்கும், உரையாசிரியர் வேண்டா. 'ஆகாசவாணி'யோ, தொன்மக் கதைகளில் உருவின்றி மேலிருந்து ஆணையிடும் குரல். அது பேசும்; எவர் பேச்சையும் கேளாது. தில்லிக்கு அப்பெயர் பிடித்ததில் வியப்பென்ன?

ஆதலின் தமிழீர்! தமிழில் ஒலிக்கும் ஒவ்வொரு நிலையமும் தன்னை 'வானொலி' என்றே அறிவித்தல் வேண்டும். நிலையங்களுக்கு எழுதுங்கள், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், உங்கள் வீட்டில் 'ரேடியோ' என்னும் சொல்லையும் இன்றே விலக்குங்கள். 40 வாட்டில் தொடங்கியது நம் குரல். அதனைப் பிறர் பெயரில் ஒலிக்க விடோம்!