ஜோ ஜோன்ஸ் மேல ஏன்யா பழி போடறீங்க?

மறுபடியும் அந்த வீடியோத் துண்டு சுத்த ஆரம்பிச்சிடுச்சு. மொட்டைத் தலை, கறுப்புச் சட்டை, உறுமல் குரல். 2014-ல் வந்த 'விப்லாஷ்' படத்து வாத்தியார் ஃப்ளெட்சர். அந்த வேஷத்துக்காக ஜே.கே.சிம்மன்ஸ் ஆஸ்கர் வாங்கினார். நடிப்பைப் பத்தி எனக்கு ஒரு சண்டையும் இல்லை, மனுஷன் பின்னியிருக்கார். என் சண்டை அவர் அதில் சொல்ற கதையோட.

கதை தெரியாதவங்களுக்கு: சின்னப் பையன் சார்லி பார்க்கர் மேடையில் சாக்ஸபோன் வாசிச்சுச் சொதப்பறான். டிரம்மர் ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழட்டி அவன் தலையைக் குறி வெச்சு எறியறார். தலை போகாதது அதிர்ஷ்டம். பையன் அழுதுகிட்டே தூங்கப் போறான், மறுநாள்லேர்ந்து வெறித்தனமா சாதகம் பண்றான், ஒரு வருஷம் கழிச்சு அதே மேடைக்கு வந்து உலகமே வாயைப் பிளக்கற மாதிரி வாசிக்கறான். ஆகவே மாணவன் தலையில் எதையாவது எறிந்தால்தான் மேதை பிறப்பான்!

இதுல உண்மை எவ்வளவுன்னு பார்ப்போம்.

வருஷம் 1936. இடம் கான்சாஸ் சிட்டி, ரெனோ கிளப். பார்க்கருக்கு 15, 16 வயசு, ஜோன்ஸுக்கே 24தான். நடந்தது ஜாம் செஷன். யார் வேணா மேடை ஏறலாம், சரக்கு இல்லைன்னா இறக்கி விட்டுடுவாங்க. அந்த ஊர்ல அதுதான் வழக்கம். பேஸ் வாசிக்கிற ஜீன் ரேமி இதை நேர்ல பார்த்தவர், பின்னாளில் பார்க்கரோட ஒரே குழுவில் வாசிச்சவர். அவர் சொன்னபடி ஜோன்ஸ் முதல்ல சிம்பலை மணி மாதிரி தட்டிக் காட்டினார். அப்போ ரேடியோவில் பிரபலமா இருந்த அமெச்சூர் போட்டி நிகழ்ச்சியில் மணி அடிச்சா 'கிளம்பு'ன்னு அர்த்தம். பையன் நிறுத்தலை. உடனே சிம்பலைத் தரையில் வீசினார். தரையில்! 'டமார்'னு சத்தம், கிளப்பே சிரிச்சுது, பையன் இறங்கிப் போனான். கிண்டல்தான், கொஞ்சம் கொடூரமான கிண்டல். நான் இல்லைங்கலை. ஆனா தலைக்குக் குறி வெச்சது ஜோன்ஸ் இல்லை, திரைக்கதை.

சரி, ஜோன்ஸ் பார்க்கருக்கு வாத்தியாரா? இல்லவே இல்லை. ஒரு வருஷம் கழிச்சு அதே மேடையில் மூஞ்சியில கரி பூசினானா? எங்கே பூசறது? 1936 கடைசியிலேயே கவுண்ட் பேஸி, தன் குழுவைக் கூட்டிக்கிட்டு சிகாகோ, நியூயார்க்னு கிளம்பிட்டார். ஜோன்ஸும் கூடவே போயாச்சு.

அப்புறம் பார்க்கர் எப்படித்தான் தேறினார்? 1937 கோடையில் ஒரு குழுவோட ஓஸார்க் மலைப்பக்கம் வாசிக்கப் போனார். லெஸ்டர் யங் வாசிச்ச இசைத்தட்டுகளை எடுத்துப்போய் ஒவ்வொரு சோலோவையும் மனப்பாடம் பண்ணினார். எஃபெர்ஜ் வேர்னு ஒரு கிட்டார்காரர் பக்கத்துல உட்கார்ந்து அவருக்கு கார்டுகளைச் சொல்லிக் கொடுத்தார். மூணு நாலு வருஷம் தினமும் 11லேர்ந்து 15 மணி நேரம் சாதகம் பண்ணினதா பார்க்கரே 1954 பேட்டி ஒண்ணுல சொல்லியிருக்கார். சத்தம் தாங்காம, வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவோம்னு அக்கம்பக்கத்துக்காரங்க அவங்கம்மாவை மிரட்டினாங்களாம் :-)

இந்த எஃபெர்ஜ் வேரை யாருக்காவது தெரியுமா? பொறுமையா உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவனுக்குப் படத்தில் ஒரு வரி கிடையாது. சிம்பல் வீசினவனுக்குத்தான் வசனம்.

இதுல இன்னொரு வேடிக்கை. அந்த லெஸ்டர் யங் தட்டுகள் யார் குழுவில் பதிவானவை? பேஸி ஆட்களோடது. டிரம்ஸ் யாரு? ஜோ ஜோன்ஸ்! 1936 கடைசியில் சிகாகோவில் பதிவான யங்கோட முதல் இசைத்தட்டுக்கு 'ஜோன்ஸ்-ஸ்மித் இன்கார்ப்பரேட்டட்'னு பேரு. முதல் பாதி இவர் பேருதான். பார்க்கர் ஜோன்ஸ்கிட்ட கத்துக்கிட்டார்னு சொல்லணும்னா, அவர் கை பேசின இந்தத் தட்டுகளைச் சொல்லுங்க.

அந்தக் கை என்ன பண்ணுச்சுன்னு சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. அதுக்கு முன்னாடி ஜாஸ்ல தாளம் முக்கியமா கீழேதான் இருந்தது. காலால் பெரிய பேஸ் டிரம்மை 'தொம் தொம் தொம் தொம்'னு நாலு அடியும் போட்டுத் தள்ளுவாங்க. ஜோன்ஸ் அந்த வேலையைத் தூக்கி ஹை-ஹாட்டுக்குக் கொடுத்தார். ரெண்டு சிம்பல் முகத்தோட முகம் பார்த்து ஒரு கம்பியில் நிற்கும், காலால் மிதிச்சா மூடும், விட்டா திறக்கும். அது பாதி திறந்து மூடற அந்த 'ட்ஸ்ஸ்... ட்ச-ட்ஸ்ஸ்'தான் இனி தாளம். பேஸ் டிரம் சும்மா தொட்டும் தொடாமலும். விளைவு? வால்டர் பேஜோட பேஸ் தெளிவா காதுல விழுது, ஃப்ரெடி கிரீனோட கிட்டார் விழுது, பேஸி பியானோவில் ரெண்டே ரெண்டு சுரம் தட்டினா அதுவும் விழுது. நாலு பேர் சேர்ந்து ஒரே ஆள் மூச்சு விடற மாதிரி ஓடும். பின்னாடி வந்த பாதிப் பேர் இந்தக் கடனில் பிறந்தவங்கதான்.

கார்னிவல் கூத்துகளில் டாப் டான்ஸ் ஆடி வளர்ந்த ஆள். அந்தத் துள்ளல் கையில தெரியும். பிரஷ் எடுத்தார்னா அது இன்னும் சுத்தம். முகத்துல எப்பவும் சிரிப்பு. 'ஜாமின் த ப்ளூஸ்'னு 1944-ல் வந்த பத்து நிமிஷக் குறும்படத்தில் அவரைப் பாருங்க. அப்புறம் விப்லாஷ் பையனைப் பாருங்க. கை கிழிஞ்சு ரத்தம், ஐஸ் வாளி, மறுபடி ரத்தம். டிரம்ஸ் வாசிக்கிறவங்களைக் கேட்டா, கை கிழியுதுன்னா குச்சியைப் பிடிக்கிறது தப்புன்னு சொல்லுவாங்க. வேகம், வேகம், வேகம். ஜோன்ஸ் ஆயுசு முழுக்க எதைச் செய்யலையோ அதை அவர் பேரைச் சொல்லி நியாயப்படுத்தறாங்க.

'படம்தானே, விட்டுத் தள்ளுப்பா'ன்னு பின்னூட்டம் போடப் போறவங்களுக்கு ஒரு செய்தி. எனக்குத் தெரிஞ்ச பையன், 12 வயசு, டிரம்ஸ் கிளாஸ் போய்க்கிட்டிருந்தான். பெற்றோர் வாட்ஸப் குழுவில் மாஸ்டரே இந்தத் துண்டைப் போட்டார். கீழே ஒரு அப்பா, 'அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்'னு எழுதினார். வரிசையா கைதட்டல் பொம்மைகள். அடுத்த வாரம் தாளம் விட்டதுக்கு இவன் முட்டியில குச்சி விழுந்தது. இப்போ பையனோட குச்சி ரெண்டும் பரண்ல கிடக்கு. அவன் பார்க்கர் இல்லாம இருக்கலாம், அதுக்காக?

ஜோன்ஸ் மகான்னு நான் சொல்ல வரலை. கோபக்காரர், வயசான காலத்தில் சிடுசிடுப்பு அதிகம். 1944-ல் பட்டாளத்துக்குப் பிடிச்சுட்டுப் போனாங்க, திரும்பி வந்து 1948-ல் பேஸியை விட்டு விலகினார், அப்புறம் முன்ன மாதிரி நிலையான இடம் அமையலை. 1985 செப்டம்பர் 3-ல் இறந்தார். அதுக்கு நாலு நாள் முன்னாடிதான் 'ஃபில்லி' ஜோ ஜோன்ஸ்னு இன்னொரு டிரம்மர் போனார். அவர் வேற ஆள், குழப்பிக்காதீங்க. நம்மாளோட வாய்மொழி வாழ்க்கைக் கதையை ஆல்பர்ட் மர்ரி ஒலிநாடாவில் பதிஞ்சு வெச்சிருந்தார், 2011-ல் 'ரிஃப்டைட்'னு புத்தகமா வந்தது.

ஒரு காட்சியைச் சொல்லி முடிச்சுக்கறேன். 1956 ஜூலை 7, நியூபோர்ட் ஜாஸ் விழா. மேடையில் டியூக் எலிங்டன் குழு. பால் கொன்சால்வெஸ் சாக்ஸபோனை எடுத்து ஒரே ப்ளூஸ் சுற்றை 27 தடவை, விடாம, ஒண்ணை மிஞ்சி ஒண்ணா வாசிக்கிறார். கூட்டம் நாற்காலி மேல ஏறி ஆடுது. டிரம்ஸில் சாம் வுட்யார்ட். ஜோ ஜோன்ஸுக்கு அங்கே வேலையே இல்லை, அன்னிக்கு அவர் வாசிக்க வேண்டியதை முன்னாடியே முடிச்சாச்சு. ஆனாலும் மேடை ஓரமா நின்னு, ஒரு செய்தித்தாளைச் சுருட்டித் தாளம் போட்டு, 'விடாதே, போ போ'ன்னு அந்தக் குழுவை உசுப்பிக்கிட்டே இருந்தார். எலிங்டன் குழுவின் மறுவாழ்வே அந்த ராத்திரியில்தான் தொடங்குச்சுன்னு எல்லாரும் எழுதறாங்க. அதில் ஜோன்ஸோட பங்கை எலிங்டனே சொல்லியிருக்கார்.

அடுத்த தடவை அந்த வீடியோவை ஃபார்வர்ட் பண்றவங்க, இந்த 27 சுற்றையும் சேர்த்தே அனுப்புங்க. ஒலிப்பதிவு இருக்கு.